மாவு இனிப்பாகும் அந்த ஒரு மணி நேரம்

பீர் ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது. பீர் காய்ச்சும் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஓர் இயலாமையைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. திராட்சையைப் பிழிந்தால் சாற்றில் சர்க்கரை தயாராக இருக்கும். ஈஸ்ட் இறங்கியதும் வேலையைத் தொடங்கிவிடும். பார்லி அப்படியல்ல. அதன் மணியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து. அதை யாராவது சர்க்கரையாக்கித் தந்தால்தான் ஈஸ்ட் தொடும். ஆகவே, பீர் காய்ச்ச நினைக்கும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த வேலையை யார் செய்வது?

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி செல்லும் ஒரு பொழுதுபோக்கு. (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.) அந்நாடுகளில் புதிதாக இதில் இறங்குபவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆலையில் ஏற்கெனவே சர்க்கரையாக்கி, சுண்டக் காய்ச்சி, டப்பாவில் அடைத்த மால்ட் பாகை வாங்கி வந்து தண்ணீரில் கரைப்பது ஒரு வழி. இதை எக்ஸ்ட்ராக்ட் முறை என்பார்கள். மால்ட் தானியத்தையே வாங்கி வந்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரையை நாமே வடித்தெடுப்பது இன்னொரு வழி. அது ஆல்-கிரெய்ன் முறை. இனி இவற்றைப் பாகு முறை, தானிய முறை என்றே சொல்லலாம்.

பாகு முறை கற்றுக்குட்டிகளுக்கு, தானிய முறை கைதேர்ந்தவர்களுக்கு என்று ஒரு படிநிலை அந்த வட்டாரங்களில் நெடுங்காலமாக நிலவுகிறது. வேதியியலைப் பார்த்தால் அதற்கு ஆதாரம் குறைவு. இரண்டு வழியிலும் நடக்கும் வினைகள் ஒன்றே. ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் ஒருவர் தன் கையில் வைத்துக்கொள்கிறார். மற்றவர் அதை ஆலையிடம் ஒப்படைத்துவிடுகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பீருக்கு எந்த வழி என்பது தானே விளங்கும்.

முளைவிடும் மணிக்குள்

கதை வயலிலும் இல்லை, அடுப்பிலும் இல்லை. முளைகட்டும் தரையில் தொடங்குகிறது. பார்லியை இரண்டு நாள் போல இடைவெளி விட்டு விட்டு நீரில் ஊறவைத்து, ஈரம் ஏறியதும் பரப்பி வைத்தால் நான்கைந்து நாளில் முளைவிடும். மணிக்குள் இருக்கும் கரு விழித்ததும் ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவுப் பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய அடுக்கு அந்தச் செய்தியைப் பெற்றுக்கொண்டு நொதிகளைச் சுரக்கிறது. வளரும் நாற்றுக்கு உணவாக வேண்டிய மாவுச்சத்தை உடைப்பதற்கான ஏற்பாடு இது. மாவைச் சுற்றியிருந்த செல் சுவர்கள் கரையத் தொடங்கி மணி இளகும். சரியாக அந்த நேரம் பார்த்து, மாவு பெரிதாகச் செலவாகும் முன்பே, சூடான காற்றைச் செலுத்தி உலர்த்திவிடுகிறார்கள். முளை நின்றுவிடும், நொதிகள் உள்ளேயே உறங்கிக் கிடக்கும். இப்படி முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட்.

நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதிலும் இதே வேதியியல்தான் இருக்கிறது. முளைகட்டாத மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். முளைகட்டிய மாவில் நொதிகள் மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடுவதால் கஞ்சி இளக்கமாகவும் லேசான இனிப்போடும் இருக்கும்.

1833இல் பாரிஸில் ஆன்செல்ம் பாயென், ழான் ஃபிரான்சுவா பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் மால்ட் ஊறிய நீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மிகச் சிறிய அளவே போதும், ஏராளமான மாவுச்சத்தை அது சர்க்கரையாக்கியது. அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். பிரித்தெடுத்துப் பெயர் சூட்டப்பட்ட முதல் நொதி அதுதான். நொதியியல் என்ற துறையே ஒருவகையில் பீர்த் தொட்டியின் ஓரத்திலிருந்துதான் புறப்பட்டது.

டயாஸ்டேஸ் என்பது ஒரே நொதி அல்ல, பல நொதிகளின் கலவை என்பது பிறகு தெரியவந்தது. அவற்றில் இரண்டு முக்கியமானவை. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு கிளை பிரிந்து செல்லும் நீண்ட சங்கிலி. ஆல்ஃபா அமைலேஸ் அந்தச் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கத்தரித்துக்கொண்டே வரும். அந்த இரட்டைத் துண்டுதான் மால்டோஸ். ஈஸ்ட் விரும்பி உண்ணும் சர்க்கரை. கிளை பிரியும் முடிச்சுகளை இரண்டுமே வெட்டுவதில்லை. அந்த முடிச்சுகளைச் சுற்றி எஞ்சும் துண்டுகளுக்கு டெக்ஸ்ட்ரின் என்று பெயர். ஈஸ்ட் அவற்றைத் தொடாது. அவை பீரிலேயே தங்கி வாயில் ஒரு கனத்தைத் தரும்.

வெப்பமானியின் ஆட்சி

பார்லியின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸில்தான் வெந்து குழைகிறது. அதற்கு முன் நொதிகளால் அதை எளிதில் நெருங்க முடியாது. அதற்கு மேல் போகப்போக நொதிகளே வெப்பத்தில் சிதைகின்றன. பீட்டா அமைலேஸ் மென்மையானது. 60 முதல் 65 டிகிரிக்குள் சுறுசுறுப்பாக இயங்கும், 70ஐ நெருங்கினால் விரைவாகச் செயலிழக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும்.

தானிய முறையில் காய்ச்சுபவரின் கையிலிருக்கும் அதிகாரம் முழுவதும் இந்தச் சில டிகிரி இடைவெளியில்தான் இருக்கிறது. 64 டிகிரியில் ஊறவைத்தால் பீட்டா அமைலேஸ் நீண்ட நேரம் உழைக்கும்; மால்டோஸ் மிகும்; ஈஸ்ட் பெரும்பகுதியைத் தின்றுவிடும்; பீர் இலேசாக, இனிப்பு எஞ்சாமல் அமையும். 68, 69 டிகிரியில் ஊறவைத்தால் டெக்ஸ்ட்ரின் கூடும். பீர் கனமாக, சற்றே இனிப்போடு அமையும். தானியம் அதே, தண்ணீர் அதே, ஈஸ்டும் அதே. நான்கைந்து டிகிரி வித்தியாசத்தில் வேறொரு பீர் கிடைத்துவிடுகிறது.

செய்முறையை அருகிலிருந்து பார்ப்போம். 19 லிட்டர் பீருக்கு நாலே கால் கிலோ மால்ட். அதை மாவாக அரைக்கக் கூடாது. உமி கிழியாமல் நொய்யாக உடைக்க வேண்டும். பின்னால் சாற்றை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. 12, 13 லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு வெளியேறாத ஐஸ் பெட்டி ஒன்றில் ஊற்றி, மால்ட்டைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறினால் கலவை 66 டிகிரி அளவில் வந்து நிற்கும். மூடி வைக்க வேண்டியதுதான்.

பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் கலவை கலங்கலாக, கூழ் போல இருக்கும். ஒரு கரண்டி நீரை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு சொட்டு அயோடின் சேர்த்தால் சட்டென்று கருநீலமாகும். மாவுச்சத்து இன்னும் இருக்கிறது என்று பொருள். (இந்தச் சோதனை நீரைத் திரும்பக் கலவையில் ஊற்றக் கூடாது.) ஒரு மணி நேரம் நெருங்கும்போது மறுபடி பார்த்தால் மேலே நிற்கும் நீர் தெளிந்து, பளபளத்து, விரலில் ஒட்டும். அயோடின் சொட்டு விட்டாலும் நிறம் மாறாது. அயோடினின் சொந்தப் பழுப்பு மட்டுமே தெரியும். நாக்கில் வைத்தால் திகட்டும் இனிப்பு. ஒரு துளி சர்க்கரைகூடச் சேர்க்காமல் மாவு இனிப்பாகிவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எச்சிலையும் மாவையும் வைத்துச் செய்த அதே சோதனைதான். இங்கே வாளி அளவில் கண்முன் நடக்கிறது. அறிவியலில் ஆர்வமுள்ள எவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய மாற்றம் இது.

அதன்பின் 75 டிகிரி வெந்நீரை மேலே ஊற்றி, சக்கையில் ஒட்டியிருக்கும் இனிப்பை அலசி வடிப்பார்கள். அதைவிடச் சூடான நீரை ஊற்றினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும் ஆபத்து உண்டு. இப்படிக் கிடைக்கும் மால்ட் சாறு 25 லிட்டர் அளவுக்கு இருக்கும். அதைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஆவியாகிச் சுண்டி, நமக்கு வேண்டிய அளவுக்கு இறங்கும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பாகு முறையில் மேலே சொன்னது அத்தனையும் ஆலையில் நடந்து முடிந்திருக்கும். இங்கிலாந்தின் மன்டன்ஸ், அமெரிக்காவின் பிரீஸ், ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் போன்ற நிறுவனங்கள் பெருந்தொட்டிகளில் மால்ட்டை ஊறவைத்து, சாறு வடித்து, அழுத்தம் குறைந்த கலன்களில் தாழ்ந்த வெப்பத்திலேயே நீரை ஆவியாக்குகின்றன. சுமார் 20 சதவீத நீர் மட்டும் எஞ்சும்போது அது கெட்டிப் பாகு. அதையும் நீக்கி, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் மால்ட் தூள்.

ஆகவே, மால்ட் பாகு ஏதோ செயற்கைச் சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது நீர் நீக்கிய மால்ட் சாறு, அவ்வளவுதான். ஒரு கிலோ மால்ட் தூளைக் கரைத்து 10 லிட்டர் ஆக்கினால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.037 காட்டும். 19 லிட்டர் பீருக்கு 1.050 அடர்த்தி வேண்டுமானால் தூள் இரண்டரை கிலோவுக்குச் சற்றே கூடுதலாகத் தேவை. பாகு என்றால் மூன்றேகால் கிலோ. தானியத்தில் நாலே கால் கிலோ ஏன் என்றால், வீட்டில் ஊறவைக்கும்போது மணியில் உள்ள இனிப்பில் முக்கால் பங்குதான் பொதுவாக நம் கைக்கு வரும். மீதி சக்கையோடு போய்விடும். எந்த வழியில் வந்தாலும் ஈஸ்ட் 1.050 அடர்த்தியை 1.012 வரை இறக்கினால் பீரில் ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால் இருக்கும்.

ஆலை செய்து தருவதால் சில முடிவுகள் நம் கையைவிட்டுப் போகின்றன. எந்த வெப்பத்தில் ஊறவைப்பது என்பதை ஆலை முடிவு செய்துவிட்டது. அதனால் பீர் எவ்வளவு இலேசாக, எவ்வளவு கனமாக அமையும் என்பது ஓரளவு முன்பே தீர்மானமாகிவிட்டது. நிறமும் அப்படியே. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகும் மெய்லார்டு வினை, பாகு டப்பாவில் இருக்கும்போதும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். பழைய பாகில் காய்ச்சிய பீர் எதிர்பார்த்ததைவிடக் கருத்துப்போவதும், ஒரு மந்தமான சுவை தட்டுவதும் இதனால்தான். ஓட்ஸ், மக்காச்சோளம் போல முளைகட்டாத தானியத்தைச் சேர்க்கவும் பாகு முறை மட்டும் போதாது. அவற்றின் மாவை உடைக்க நொதி வேண்டும். பாகில் பொதுவாகச் செயல்படும் நொதி எஞ்சியிருப்பதில்லை.

ஆனாலும் கையில் எஞ்சுவது ஏராளம். எந்த ஹாப்ஸ், எவ்வளவு, எப்போது என்பது நம் முடிவு. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் வடிவம் மாறினால்தான் நீரில் கரைந்து கசப்பைத் தரும். ஆகவே கசப்புக்கு ஒரு மணி நேரக் கொதி, மணத்துக்குக் கடைசி நிமிடங்கள். கிரிஸ்டல் மால்ட், வறுத்த பார்லி போன்றவற்றில் மாவு ஏற்கெனவே சர்க்கரையாகவோ வறுபட்டோ மாறியிருப்பதால், துணியில் முடிந்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தாலே நிறமும் சுவையும் இறங்கிவிடும். ஸ்டவுட் போன்ற கருநிறப் பீருக்கு இதுவே போதும். எந்த ஈஸ்ட், எந்த வெப்பநிலை என்பதும் நம்முடையதே.

கெட்ட பெயர் வந்த கதை

பாகு முறையின் மதிப்பு குறைந்ததற்கு வேதியியலைவிட வரலாறே பெரிய காரணம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது பீர் ஆலைகள் பிழைக்க வழி தேடின. பாப்ஸ்ட், ஆன்ஹைசர்-புஷ் போன்ற பெரிய ஆலைகள் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றன. ரொட்டி சுட என்பது விளம்பரம். வாங்கியவர்களில் பலர் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். கிடைத்த ரொட்டி ஈஸ்டையும் வெள்ளைச் சர்க்கரையையும் சேர்த்து ஒளித்து வைத்துக் காய்ச்சிய பீரின் சுவை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் 1880 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அடுத்துவந்த ஆண்டுகளில் மருந்துக்கடைகள்வரை பீர் டப்பாக்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு டப்பா பாகு, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட். கொதிக்கக்கூட வைக்க வேண்டாம். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாகிவிடும், கனமோ சுவையோ தராது. பீர் தண்ணீராக, புளிப்பு தட்டி இருந்தது. பழி பாகின் மேல் விழுந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபோதும் வீட்டுப் பீருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் மத்திய அரசின் தடையை நீக்கியது. ஒரு வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 200 கேலன் என்று வரம்பு வைத்தது. 1984இல் சார்லி பபாசியன் எழுதிய கையேடு ஒரு தலைமுறைக்கே பாகில் தொடங்கிப் படிப்படியாகத் தானியத்துக்கு வரக் கற்றுத்தந்தது. இன்று கிடைக்கும் வெளிர்நிறப் பாகும், நல்ல ஈஸ்டும் அந்தப் பழைய டப்பாக் காலத்தோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. பாகில் காய்ச்சிய பீர்கள் போட்டிகளில் பரிசு பெற்றும் இருக்கின்றன.

நல்ல பீரைத் தீர்மானிப்பது எது?

வீட்டுப் பீர் கெட்டுப்போகும் காரணங்களைப் பட்டியலிட்டால் ஒன்று தெளிவாகும். பெரும்பாலானவை அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பவை அல்ல. கொதித்து ஆறிய பிறகு நடப்பவை. சரியாகச் சுத்தம் செய்யாத குழாயில் ஒட்டியிருந்த பாக்டீரியா பீரைப் புளிக்கவைக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்து மருந்து வாடையைத் தரும். 18 முதல் 20 டிகிரியில் நொதிக்க வேண்டிய ஏல் வகைப் பீரை 28 டிகிரியில் விட்டால், ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களையும் பழ வாடை மிகுந்த எஸ்டர்களையும் கக்கும். ஈஸ்டைப் போதுமான அளவு போடாவிட்டால் அது திணறும்; வேலை முடிவதற்குள் பீரை ஈஸ்டிலிருந்து பிரித்துவிட்டால் வெண்ணெய் வாடையும் பச்சை ஆப்பிள் வாடையும் தங்கிவிடும். நொதித்தல் முடியும் முன் புட்டியில் அடைத்தால் வாயு அழுத்தத்தில் புட்டி வெடிக்கவும் கூடும்.

இவற்றில் ஒன்றையும் தானிய முறை சரிசெய்யாது. தூய ஈஸ்டைத் தனியே வளர்க்கும் முறையை 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன் கண்டுபிடித்த பிறகுதான் பெரிய ஆலைகளிலேயே பீரின் தரம் நிலைபெற்றது. அதுவரை மால்ட்டில் எந்தக் குறையும் இல்லாமலே பீர் கெட்டுக்கொண்டிருந்தது. வீட்டு அடுப்படிக்கும் அதே பாடம் பொருந்தும்.

தானிய முறை கேட்கும் விலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 30 லிட்டர் கொள்ளும் பாத்திரம், அதைக் கொதிக்கவைக்கும் வலுவான அடுப்பு, அத்தனை சாற்றையும் விரைவில் ஆற்றும் செம்புக் குழாய்ச் சுருள், ஐந்தாறு மணி நேரம். பாகு முறைக்குச் சமையலறை அடுப்பும் பெரிய பாத்திரமும் போதும். பாதியளவு நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மீதியைக் குளிர்ந்த நீராகச் சேர்க்கலாம். இரண்டு, மூன்று மணி நேரத்தில் வேலை முடியும். பாகில் பெரும்பகுதியைக் கொதி முடியும் தறுவாயில் சேர்த்தால் நிறமும் அதிகம் கருக்காது. பொருள் செலவில் பாகு கூடுதல். கருவிச் செலவில் தானியம் கூடுதல். அடிக்கடி காய்ச்சுபவருக்குத் தானியம் போகப்போக மலிவாகும்.

நடுவழிகளும் உண்டு. ஓரிரு கிலோ தானியத்தை மட்டும் ஊறவைத்து, மீதி இனிப்பைப் பாகால் நிரப்பலாம்; ஓட்ஸ் சேர்க்க வேண்டியவருக்கு இது கைகொடுக்கும். ஆஸ்திரேலியக் காய்ச்சுபவர்கள் பரப்பிய இன்னொரு வழி, தானியம் முழுவதையும் ஒரு பெரிய துணிப்பையில் போட்டு ஒரே பாத்திரத்தில் ஊறவைத்துப் பையைத் தூக்கிவிடுவது. தனி வடிதொட்டியே வேண்டாம்.

ஆகவே, தேர்வு இப்படி அமைவது நல்லது. புதிதாகத் தொடங்குபவர் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்கிய புதிய வெளிர்நிறப் பாகிலோ தூளிலோ தொடங்கட்டும். கையிலிருக்கும் பணத்தில் முதல் செலவு நொதிக்கும் கலனின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தவும், நல்ல ஈஸ்டுக்கும், சுத்தத்துக்கும் போகட்டும். ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல், கருநிற ஸ்டவுட் போன்றவை இந்த வழியிலேயே அருமையாக வரும். வைக்கோல் நிறத்தில் மெலிந்து நிற்கும் பில்ஸ்னரோ, ஓட்ஸ் குழைந்த கனமான பீரோ வேண்டும் என்றால், அல்லது இலேசையும் கனத்தையும் தானே தீர்மானிக்க வேண்டும் என்றால், அப்போது தானியத்துக்கு மாறலாம். மாவு இனிப்பாவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆவலே தானியத்துக்கு மாறப் போதிய காரணம்தான். யாரோ மேலானது என்று சொன்னதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. எந்த வழியில் வந்த சாறானாலும் அதைப் பீராக்கப்போவது ஈஸ்ட். அதைச் சரியாகக் கவனித்துக்கொள்பவரின் பீர்தான் நன்றாக இருக்கும்.